சுண்டைக்காய் கால் பணம், ஸ்கோப் முக்கால் பணம்

ஒஹையோவில் கொலம்பஸ் நகரைத் தாண்டி, சோளக்காடுகளுக்கு நடுவில் ஒரு சுடுதளம். அக்டோபர் மாதச் சனிக்கிழமை காலை. மர மேசையில் இரண்டு மணல்மூட்டை, அவற்றின் மேல் நண்பருடைய ரூகர் 10/22 துப்பாக்கி. அதன் முதுகில் துப்பாக்கியையே குள்ளமாகக் காட்டும் அளவுக்கு ஒரு ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி. துப்பாக்கி வாங்கியது சுமார் 300 டாலருக்கு. ஸ்கோப் 900-ஐத் தாண்டிவிட்டது. வீட்டம்மாவுக்கு இரண்டாவது எண் இன்னும் தெரியாது.

50 கஜத்தில் தொங்கிய தாளைக் கழற்றிக்கொண்டு வந்து என் முன்னால் போட்டார். ஐந்து ஓட்டைகள், ஓர் எலுமிச்சம்பழத்தால் மறைத்துவிடலாம்.

"அண்ணா, இது துப்பாக்கிக் கோளாறா, கண்ணாடிக் கோளாறா, இல்ல ஆள் கோளாறா? இவ்வளவு காசு போட்டும் இப்படியா?"

அந்தக் கேள்விக்கு அன்றைக்குப் பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த ஆறு சனிக்கிழமைகள் செலவழித்துத்தான் கண்டுபிடித்தோம். இந்தக் குறிப்பு அதைப் பற்றியது. மலிவான .22 துப்பாக்கிக்கு விலை உயர்ந்த ஸ்கோப் தேவையா என்று என்னிடம் கேட்பவர்கள் அதிகம். "தேவையில்லை" என்று ஒரே வார்த்தையில் சொல்லிக்கொண்டிருந்தவன்தான் நானும். இப்போது அப்படிச் சொல்வதில்லை.

நண்பர் திருச்சிக்காரர், மென்பொருள் வேலை. கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகே துப்பாக்கி வாங்கினார். வேலை விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்க இங்கே கூட்டரசுச் சட்டம் பொதுவாக இடம் கொடுப்பதில்லை. வேட்டை உரிமம் இருந்தால் உண்டு என்பது போன்ற சில விலக்குகள்தான். புதிதாக வரும் தம்பிகள் கடைப்படி ஏறுவதற்கு முன் இதை விசாரித்துக்கொள்வது நல்லது.

என்ன நடந்தது

10/22 என்பது 1964-இல் வந்த துப்பாக்கி. லட்சக்கணக்கில் விற்றிருக்கிறது, அமெரிக்கக் கிராமத்து வீடுகளில் கதவோரம் நிற்கும் குடை மாதிரி. சாதாரண கார்பைன் வகைக்கு 18.5 அங்குலக் குழல், 5 பவுண்டு எடை, பத்துத் தோட்டா பிடிக்கும் சுழல் மேகஸின். சுடுவது .22 லாங் ரைஃபிள் என்ற தோட்டாவை. அது 1887-இலிருந்து புழக்கத்தில் உள்ளது. தோட்டாவின் அடி விளிம்பில் ஊசி தட்டியதும் வெடிப்பதால் இந்த வகைக்கு ரிம்ஃபயர் என்று பெயர். உதைப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை; பத்து வயதுப் பிள்ளையும் தோள் வலிக்காமல் சுடும்.

நண்பர் வசந்தத்தில் இதை வாங்கியபோது, கூடவே 50 டாலருக்கு ஒரு 4×32 ஸ்கோப்பும் வாங்கினார். அதாவது நான்கு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 32 மில்லிமீட்டர். துப்பாக்கிப் பெட்டியிலேயே வந்த தாங்கியைத் தானே திருகி மாட்டிக்கொண்டார். முதல் வாரம் எல்லாம் சரி. மூன்றாம் வாரம் குண்டுகள் ஓர் அங்குலம் இடப்பக்கம், கொஞ்சம் கீழே. திருகித் திருத்தினார். அடுத்த வாரம் வேறெங்கோ போனது. "மலிவு ஸ்கோப், ஜீரோ நிக்காது" என்று சுடுதளத்தில் இரண்டு பேர் சொன்னார்கள். ஜீரோ என்றால், குறுக்குக் கம்பி காட்டும் இடத்திலேயே குண்டு விழும்படி திருத்தி வைத்த நிலை. ஆகஸ்டில் 4-16×50 ஸ்கோப் ஒன்றை வாங்கினார். இடப்பக்கத்தில் குவியம் திருத்தும் குமிழ், குறியை மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்த்த, தொட்டால் 'டிக் டிக்' என்று கணீரென ஒலிக்கும் சக்கரங்கள். கடைக்காரரே புதிய தண்டவாளத் தாங்கியும் போட்டு, திருகுகளுக்குப் பசை வைத்து மாட்டிக் கொடுத்தார்.

ஜீரோ நின்றது. ஒரு மாதம் மகிழ்ச்சி. அப்புறம் இரண்டு குறைகள் முளைத்தன. ஒன்று, குண்டுகள் விழும் வட்டம் சுருங்கவில்லை. இரண்டு, 25 கஜத்தில் பார்த்தால் எல்லாம் பனிமூட்டம்.

ஜீரோவைத் திருடியது யார்

இதைத்தான் முதலில் எடுத்துக்கொண்டேன். நண்பர் ஒரே நாளில் இரண்டு பொருள்களை மாற்றியிருந்தார்: ஸ்கோப், அதைத் தாங்கும் தண்டவாளம். பலன் கிடைத்ததும் புகழ் முழுவதும் விலை அதிகமான பொருளுக்குப் போய்விட்டது. மென்பொருளில் இரண்டு திருத்தங்களை ஒன்றாக ஏற்றிவிட்டு எது பிழையைச் சரிசெய்தது என்று மார்தட்டினால் இவரே சக ஊழியரைச் சும்மா விடமாட்டார்.

பழைய 50 டாலர் ஸ்கோப்பைக் கொண்டுவரச் சொன்னேன். புதிய தண்டவாளத்தில் அதை மாட்டி, மூன்று சனிக்கிழமை சுட்டோம். சக்கரத்தைத் தொடவே இல்லை. ஜீரோ அசையவில்லை.

அப்போதுதான் நண்பர் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "பழைய தாங்கியக் கழட்டும்போது கடைக்காரர் ஏதோ சொன்னாருண்ணா. ரெண்டு திருகு கையிலயே வந்துடுச்சுன்னு. நான் கண்டுக்கல."

10/22-இன் உடற்பகுதி அலுமினியம். தாங்கியைப் பிடிப்பவை அதில் இறங்கும் நான்கே நான்கு பொடித் திருகுகள், மூக்குத்தித் திருகைவிடக் கொஞ்சம் பெரியவை. எண்ணெய்ப் பசை இருந்தால் நூறு இருநூறு குண்டுகளில் தளர்ந்துவிடும். பயந்துபோய் இறுக்கி முறுக்கினால் மரை அறுந்துவிடும். எண்ணெயைத் துடைத்து, ஒரு பொட்டுப் பசை வைத்து, அளவாக முறுக்க வேண்டும். 900 டாலர் கொடுத்துத் தீர்த்த நோய் பத்து டாலர் பசைப்புட்டியில் தீர்ந்திருக்கும்.

ஆனால் மலிவு ஸ்கோப்பை முழுக்கக் குற்றமற்றது என்று விட்டுவிடவும் மனமில்லை. அதைச் சதுரம் போட வைத்தேன். மேலே 20 கிளிக், வலது 20, கீழே 20, இடது 20. ஒவ்வொரு முனையிலும் மூன்று குண்டு. ஒழுங்கான ஸ்கோப் கிளம்பிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். இது முக்கால் அங்குலம் தள்ளி வந்து நின்றது. சதுரமும் சதுரமாக இல்லை, காற்றில் சாய்ந்த கோலம் மாதிரி இருந்தது. விலை உயர்ந்ததில் நான்கு முனைகளும் நூல் பிடித்தது போல் விழுந்தன. ஒருமுறை ஜீரோ வைத்துவிட்டுத் தொடாமல் சுடுகிறவருக்கு மலிவு ஸ்கோப் போதும். தூரத்துக்குத் தூரம் சக்கரத்தைத் திருப்புகிறவருக்கு அது துரோகம் செய்யும்.

வட்டம் ஏன் சுருங்கவில்லை

இதுதான் இந்த வழக்கின் சாரம். கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

நல்ல கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கைப் பிரித்துப் பார்க்கும். 50 கஜத்தில் அது ஏறத்தாழ அரை அங்குலம். நான்கு மடங்கு ஸ்கோப் வைத்தால் எட்டில் ஓர் அங்குலம் வரை தெரியும். அதாவது 50 டாலர் ஸ்கோப்பிலேயே குறுக்குக் கம்பியைக் கறுப்பு வட்டத்தின் நடுவில் வைக்கத் தேவையான அளவு கண் தெரிந்துவிடுகிறது. நடுக்கம், அவசரம் எல்லாம் சேர்த்து, மணல்மூட்டையில் வைத்துச் சுடும்போது குறிபார்க்கும் பிழை 0.3 அங்குலம் என்றே வைத்துக்கொள்வோம்.

துப்பாக்கியும் தோட்டாவும் சேர்ந்து செய்யும் சிதறல் 1.5 அங்குலம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இந்த இரண்டு பிழைகளும் நேராகக் கூடாது. பைத்தகரஸ் தேற்றத்தில் வருவது மாதிரி, வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 2.25-ம் 0.09-ம் சேர்ந்து 2.34. வர்க்கமூலம் 1.53. இப்போது குறிபார்க்கும் பிழையே இல்லாத தெய்வ ஸ்கோப் ஒன்றை மாட்டினால்? 1.53 அங்குலம் 1.5 ஆகும். மிச்சம் 0.03 அங்குலம், இரண்டு விசிட்டிங் கார்டு கனம். நண்பர் 900 டாலருக்கு வாங்கியது அதைத்தான்.

அதே 0.3 பிழையை, தானே 0.4 அங்குலத்தில் சுடக்கூடிய துப்பாக்கியில் வைத்துப் பாருங்கள். 0.16-ம் 0.09-ம் 0.25. வர்க்கமூலம் 0.5. அங்கே குறிப்பிழையை ஒழித்தால் 0.5 என்பது 0.4 ஆகும். ஐந்தில் ஒரு பங்கு லாபம். ஸ்கோப் அதேதான். அது திருத்தும் பிழை மொத்தப் பிழையில் எத்தனை பங்கு என்பதுதான் வேறு. துப்பாக்கி விலையில் பாதிக்கு மேல் ஸ்கோப்புக்குப் போடாதே, இல்லை சமமாகப் போடு, இரட்டிப்பாகப் போடு என்றெல்லாம் சுடுதளத்தில் ஆளாளுக்கு ஒரு விகிதம் சொல்வார்கள். எதற்கும் அடிப்படை கிடையாது. விலைச்சீட்டு எதுவும் குண்டின் பாதையில் குறுக்கிடுவதில்லை.

அந்த 1.5 அங்குலம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், பாதிக்கு மேல் தோட்டாப்பெட்டியில் கிடக்கிறது. நண்பர் சுட்டுக்கொண்டிருந்தது கொட்டிக் கொடுக்கும் மொத்த விலைத் தோட்டா; பெட்டியைக் குலுக்கினால் கடலை விற்கிறவர் படியைக் குலுக்குவது போலச் சத்தம் வரும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் வேகம் வினாடிக்கு 50 அடி வித்தியாசப்பட்டால் என்ன ஆகும்? 1,070 அடி வேகத்தில் கிளம்பும் 40 கிரெய்ன் எடையுள்ள குண்டு 50 கஜம் போவதற்குள் நான்கு அங்குலம் விழுகிறது. வேகம் 50 அடி குறைந்தால் கூடுதலாக மூன்றில் ஒரு அங்குலம் விழும். 100 கஜத்தில் அந்த வித்தியாசம் ஓர் அங்குலத்தைத் தாண்டிவிடும். எந்தக் கண்ணாடியாலும் இதைத் தடுக்க முடியாது. அதோடு அதிவேகத் தோட்டாக்கள் ஒலியின் வேகத்துக்கு மேலே கிளம்பி, வழியில் அதற்குக் கீழே இறங்குகின்றன. அந்த இடத்தில் காற்று குண்டைத் தள்ளாட வைக்கும். பந்தயத் தோட்டாக்கள் தொடக்கத்திலிருந்தே ஒலி வேகத்துக்குக் கீழே ஓடுவது இதனால்தான்.

சிசிஐ ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி வாங்கி வரச் சொன்னேன். அது ஒன்றும் ராஜதோட்டா அல்ல, நடுத்தர விலை. ஐந்து குண்டு வீதம் ஐந்து தாள். மொத்த விலைத் தோட்டாவில் புதிய ஸ்கோப்போடு சராசரி 1.6 அங்குலம், பழைய ஸ்கோப்போடு 1.7. தோட்டாவை மாற்றியதும் புதிய ஸ்கோப்பில் 1.1, பழையதில் 1.2. ஒரே துப்பாக்கி, ஒரே ஆள், இருபத்தைந்து குண்டுக் கணக்கு. இதை வைத்துப் பல்கலைக்கழகப் பட்டம் வாங்க முடியாது. ஆனாலும் எந்தப் பொருள் எவ்வளவு வேலை செய்தது என்பது தாளில் கண்கூடாக இருந்தது.

டிரிகர் இன்னொரு கதை. துப்பாக்கியின் எடையே 5 பவுண்டு. தொழிற்சாலையிலிருந்து வரும் டிரிகரை இழுக்க அதற்குச் சமமாகவோ கூடவோ பலம் வேண்டும். மேசையில் அவ்வளவாகத் தெரியாது. நின்று சுட்டால் இழுக்கிற இழுப்பில் குழலே திரும்பும். ரூகரே விற்கும் இலகுவான டிரிகர் நூறு டாலருக்குள் கிடைக்கிறது. இரண்டு செருகாணியைத் தட்டிக் கழற்றி மாட்டிவிடலாம்.

பனிமூட்டம்

பிளஸ் டூ இயற்பியல் ஆய்வகத்தில் அம்மீட்டரைப் பார்த்திருப்பீர்கள். முள்ளுக்குப் பின்னால் ஒரு கண்ணாடிப் பட்டை இருக்கும். முள்ளும் அதன் பிம்பமும் ஒன்றாகத் தெரியும்படி கண்ணை வைத்து அளவெடுக்கச் சொல்வார் ஆசிரியர். இடமாறு தோற்றப் பிழை. ஸ்கோப்பில் இதை பாரலாக்ஸ் என்கிறார்கள். குறுக்குக் கம்பி ஒரு தளத்திலும் இலக்கின் பிம்பம் வேறு தளத்திலும் விழுந்தால், கண் அசையும்போது கம்பியும் இலக்கின் மேல் நகரும்.

பெரிய வேட்டைத் துப்பாக்கிகளுக்கான சாதாரண ஸ்கோப்புகளில் இதை 100 அல்லது 150 கஜத்துக்கு என்று அடைத்து அனுப்புகிறார்கள். ரிம்ஃபயர் என்று எழுதியவற்றில் 50, 60 கஜம். குமிழ் வைத்தவற்றில் நாமே திருத்தலாம். நண்பருடையதில் குமிழ் உண்டு. ஆனால் அதில் எழுதியிருந்த மிகச் சிறிய எண் 50. அதற்குக் கீழே குமிழ் போகாது. நீண்ட தூரத்துக்கென்று செய்த கருவி அது. முற்றத்தில் நிற்கும் அணிலைப் பார்க்க அதற்குத் தெரியாது. பெட்டியின் பக்கவாட்டில் ஒற்றை வரியில் அச்சிட்டிருந்ததை வாங்கும்போது யாரும் படிக்கவில்லை, நானும் கூடப் போயிருந்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

பாரலாக்ஸைப் பூதமாக்குகிறவர்களும் இருக்கிறார்கள். 40 மில்லிமீட்டர் முன்கண்ணாடி, 100 கஜத்துக்கு அடைத்தது, இலக்கு 50 கஜத்தில். கண் ஓரத்துக்கே போய்விட்டாலும் பிழை 10 மில்லிமீட்டர்தான். கன்னத்தை ஒரே இடத்தில் வைத்துச் சுட்டால் அதில் கால்வாசிகூட வராது.

ஆனால் கன்னத்தை எங்கே வைப்பது? 10/22-இன் கட்டை, அதாவது தோளில் அணைக்கும் பின்பகுதி, திறந்த இரும்புக் குறியை மனதில் வைத்துச் செதுக்கியது. தாழ்வாக இருக்கும். 50 மில்லிமீட்டர் முன்கண்ணாடி குழலில் இடிக்காமல் இருக்க, ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையங்களை உயரமாகப் போட்டாயிற்று. இப்போது கண் ஸ்கோப்புக்கு வந்தால் கன்னம் கட்டையில் இல்லை. நண்பர் தாடையை நுனியில் ஊன்றி, பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேலே எட்டிப் பார்ப்பவர் மாதிரி சுட்டுக்கொண்டிருந்தார். எட்டிப் பார்க்கும் தலை குண்டுக்குக் குண்டு இடம் மாறும். மடித்த துண்டு ஒன்றைக் கட்டையில் சுற்றி டேப் போட்டோம். அசிங்கமாக இருந்தது, அன்றைக்கே ஓட்டைகள் ஒழுங்காயின. 850 கிராம் ஸ்கோப் இரண்டேகால் கிலோ துப்பாக்கியின் தலையில் ஏறியதால் நின்று சுடும்போது அது ஒரு பக்கம் சாய்கிறதே, அதற்குத் துண்டு வைத்தியம் பலிக்கவில்லை.

அப்படியானால் யாருக்கு?

ஒஹையோவிலேயே, ஈரி ஏரிக் கரையில் கேம்ப் பெர்ரி என்ற பெரிய சுடுதளம் இருக்கிறது. அங்கே நடக்கும் ரிம்ஃபயர் ஸ்போர்ட்டர் போட்டியை இந்த மாதிரி வீட்டுத் துப்பாக்கிகளுக்கென்றே வைத்திருக்கிறார்கள். தூரம் 50 கஜம், 25 கஜம். துப்பாக்கி ஏழரைப் பவுண்டைத் தாண்டக்கூடாது. ஸ்கோப் ஆறு மடங்குக்கு மேல் பெரிதாக்கக்கூடாது. கூட்டிக் குறைக்கும் ஸ்கோப் என்றால் ஆறிலேயே டேப் ஒட்டிவிட வேண்டும். நண்பர் 16 மடங்குக்குக் கொடுத்த காசில் பத்து மடங்கு அங்கே டேப்புக்கு அடியில் தூங்கும்.

என்ஆர்எல்22 என்ற இன்னொரு பந்தயம் 2017 வாக்கில் தொடங்கியது. 100 கஜத்துக்குள் வெவ்வேறு தூரத்தில் சிறிய சிறிய இரும்புத் தகடுகள், நேரக் கட்டுப்பாடு. 50 கஜத்தில் ஜீரோ வைத்த .22 குண்டு 100 கஜத்தில் ஏறத்தாழ ஏழு அங்குலம் கீழே போகும். எனவே சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், சுற்றியது பொய் சொல்லாமல் திரும்பி வரவும் வேண்டும். இங்கே துப்பாக்கியைவிட ஸ்கோப் விலை கூடுதலாக இருந்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள். இந்தப் பந்தயத்தின் தொடக்கநிலைப் பிரிவில் துப்பாக்கிக்கும் ஸ்கோப்புக்கும் சேர்த்துத்தான் விலை வரம்பு, முதலில் 1,050 டாலர், பின்னர் 1,200. எதற்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லவில்லை. விகிதம் பேசுகிறவர்களுக்கு இதைக் காட்டுவேன்.

நேர் எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கினாரே, 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டி, அதுவும் இதே .22 தோட்டாதான். பத்துப் புள்ளி வட்டம் 10.4 மில்லிமீட்டர். ஸ்கோப்புக்கே அனுமதி கிடையாது; சிறு துளை வழியாகப் பார்க்கும் குறிதான். காசு முழுவதும் குழலிலும் தோட்டாவிலும் டிரிகரிலும் போய் உட்கார்ந்திருக்கிறது.

ஊரில் ஸ்பிரிங் வைத்த காற்றுத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அது முன்னும் பின்னுமாக இரண்டு முறை குலுக்கும். அதற்கென்று செய்யாத ஸ்கோப்பின் உள்ளுறுப்புகளைக் கழற்றிவிடும். அங்கே உறுதிக்காகக் காசு கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. .22-இல் அந்த உறுதியெல்லாம் சும்மா கிடக்கும்.

நண்பர் கடைசியில் என்ன செய்தார் என்றால், கடிவாளம் இருக்கிறதே என்று குதிரை வாங்கினார். சிசெட் 457 என்ற செக் நாட்டுத் துப்பாக்கி, கையால் போல்ட்டை இழுத்துச் சுடுவது. 900 டாலர் ஸ்கோப் அதன் முதுகுக்குப் போயிற்று. முதல் நாளே, நடுத்தரத் தோட்டாவில், 50 கஜத்தில் அரை அங்குலத்துக்குப் பக்கத்தில் ஐந்தும் விழுந்தன. 10/22-க்கு 150 டாலருக்குள் ஒரு 2-7×32 ரிம்ஃபயர் ஸ்கோப் வந்தது, தாழ்வான வளையங்களில். துண்டைக் கழற்றிவிட்டோம். டிரிகரும் மாற்றியாயிற்று. இப்போது அதை அவர் மகள்தான் அதிகம் சுடுகிறாள், காலி சோடா டின்களை.

போன வாரம் போன் செய்தார். என்ஆர்எல்22-இல் சேர்ந்துவிட்டாராம். அங்கே 25 கஜத்திலும் தகடுகள் இருக்கின்றன, இவருடைய குமிழ் 50-க்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. பத்து கஜம் வரைக்கும் குவியும் ஸ்கோப் ஒன்று பார்த்து வைத்திருக்கிறாராம். விலையை நான் கேட்கவில்லை.